கம்ப்யூட்டர் கேட்ட ஒற்றைக் கார்டு

ஆகஸ்ட் 17, 1971. செவ்வாய், இரவு.

திருவொற்றியூர் மாமன்னனாகிய நான் சத்தியம் செய்து எழுதுகிறேன்: இன்று நடந்ததை ஒருவனும் நம்பமாட்டான். எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் பசியில் அலறியது. அதைக் கேட்டுத் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடின.

அது கேட்டது துளையிட்ட ஒரே ஒரு அட்டைக் கார்டு. ஸ்டோர் கணக்கு எந்த மாதத்துக்கு என்று சொல்லும் முதல் கார்டு. 'மாதக் கார்டு இல்லை' என்று இங்கிலீஷில் அச்சடித்துவிட்டு நின்றுவிட்டது.

எனக்கு உடனே புரிந்தது. டிபன் நேரத்தில், வீணான கார்டு என்று நினைத்து, கார்டுக் கட்டின் மேலிருந்ததை மடித்துச் சுண்டல் அள்ளித் தின்று எறிந்தவன் இந்த மாமன்னன்தான்.

ஆபீசர், கார்டு துளையிடும் பிலோமினாவைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கார்டு ஒழுங்கா வைக்கத் தெரியல. உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படி எழுதறது?"

"மேலதான் சார் வெச்சேன். எங்க பூட்ச்சின்னே தெர்ல."

அவள் வேறு கார்டு அடித்துக் கொடுத்ததும் இயந்திரம் ஓடியது. நான் ஏழு கடலையும் வாயில் அடக்கியவன்போல நின்றேன்.

சாயங்காலம் கம்பெனி கேட் அருகே பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அல்லாரும் கய்வி ஊத்துனாங்க மாமா. நீதான் ஒண்ணும் சொல்லல. நல்லா இருப்பே."

அவள் வேலையை நிரந்தரம் பண்ண வேண்டாமென்று நாளைக் காலை ஆபீசர் எழுதிவிடுவார். அதற்கு முன்னால் நான் போய்...

அவள் அதைச் சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டினேன். நான் அளந்ததில் எது பொய்யானாலும், அந்தத் தலையாட்டல் நிஜம்.