துறைமுகத்தில் ஆடும் தொட்டில்

உங்களோடு பேசாத ஒருத்தி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறாள்.

உங்கள் அக்கா கப்பலில் அனுப்பிய தொட்டில் விடியற்காலையில் அவள் கனவில் வந்தது. துறைமுகக் கிடங்கில், கடல் காற்றில், தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து அவள் வயிற்றுக்குள்ளும் ஓர் அசைவு.

“அக்காதான் அங்கயே எல்லாம் கட்டிட்டாளே, இங்க எதுக்கு டாகுமெண்ட் சார்ஜ்? உன் ஆபீஸ் அடிக்கிற கொள்ளை!” என்று குதித்தீர்கள். அக்கா கட்டியது பெட்டி கடலைக் கடந்து வருவதற்கு. வந்த பெட்டியின் காகிதங்களைச் சரிபார்த்து, கஸ்டம்ஸுக்குத் தெரிவித்து, ‘இன்னாரிடம் ஒப்படைக்கவும்’ என்று டெலிவரி ஆர்டர் போட இந்தக் கரையிலும் ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கட்டணம். அந்த ஆள் அவள்தான்.

வீம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, அடையாள அட்டையோடு மதியத்துக்குள் அவள் ஆபீசுக்கு வாருங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: கவுண்டரில் முன்பின் தெரியாதவள் மாதிரி, “பெட்டி யாருக்கு?” என்று கேட்பாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் சண்டைக்கு அப்புறம் அவள் உங்களிடம் வாய்திறந்து கேட்கப்போகிற முதல் கேள்வி அது.

“நமக்கு”ன்னு சொல்லுங்க, போதும்.