பச்சை விழுந்த ஐந்து நாட்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்று எழுத மறுக்கிறது. நீங்கள் நலமா என்று கேட்கவும் வழியில்லை. மூன்று நாளாக நீங்கள்தான் போனை எடுக்கவில்லையே. உங்கள் அறை நண்பர் விடுமுறை முடிந்து நாளை அங்கே திரும்புகிறார். போனை எடுக்காமல் இருக்கலாம், ஒரே அறையில் இருக்கிற மனிதரை என்ன செய்வீர்கள்? அதனால்தான் அவர் கையில் இந்தக் கடிதம்.

குரல் செய்தியில் நான் கத்தியது பாதி புரிந்திருக்காது. திங்கட்கிழமை மருத்துவமனையில் நர்ஸ் வழக்கம்போல நம் மகளின் மாத்திரை டப்பாவை வாங்கி எண்ணினார். ஒன்பது இருக்க வேண்டும். பதினான்கு இருந்தது. மறுபடி எண்ணினார். நான் ரொம்பக் கெத்தாகப் போனில் மாத்திரைச் செயலியைத் திறந்து காட்டினேன். எல்லா நாளும் பச்சை. நாற்பது நாள் விடாமல் கொடுத்ததற்குப் பதக்கம் வேறு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கூனிக் குறுகிப் போனேன். யார் தொட்டது என்று பார்த்தால், ஐந்து நாளும் உங்கள் பெயர்.

யார் மாத்திரை கொடுக்கிறாரோ அவர் கொடுத்த பிறகு செயலியில் தொட வேண்டும், மூன்று பேர் போனிலும் பச்சை விழும். இதுதானே ஏற்பாடு? போன வாரம் எனக்கு மதிய ஷிப்ட். தையல் கூடத்து வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தேநீர் இடைவேளையில் பார்த்தேன், பச்சை. உங்கள் அக்கா கொடுத்துவிட்டார் என்று நிம்மதியாகத் தைக்கப் போனேன். அவர் நான்கு மணிக்குப் பார்த்தபோதே பச்சை விழுந்திருந்ததாம். நான் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பேன் என்று நினைத்து, இரண்டு தடவை போய்விடக் கூடாது என்று பயந்து விட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் முழுக்க உங்கள் மேல்தான். வேலை இடத்துக்குள் போகும்போது உங்கள் போனைப் பூட்டி வைக்க வேண்டும், அதனால் முன்கூட்டியே தொட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எதற்கு? நாங்கள் நேரத்துக்குத் தொடாவிட்டால், தொடும் வரை சிவப்பு நிற்கும், உங்களுக்கு அங்கே வேலை ஓடாது. உங்கள் மனசு ஆறுவதற்கா அந்தப் பச்சை? ரத்தப் புற்றுநோய் திரும்பாமல் இருக்க ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்களும்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்?

பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தின ஞாயிறு, ஏன் சிவப்பு, ஏன் சிவப்பு என்று நீங்கள் நச்சரித்தபோது, "அவ்வளவு அக்கறைன்னா நீங்களே தொட்டுக்கோங்க" என்று எரிந்து விழுந்தது நான்தான். பத்து வருஷத்தில் நான் சொன்ன எதைக் கேட்டீர்கள், இதைக் கேட்க?

உங்கள் வாலுப் பெண்ணுக்கு மாத்திரை வராதது தெரிந்தே இருந்தது. ஏன்டி சொல்லவில்லை என்று கையை ஓங்கிவிட்டேன். "எனக்குச் சரியாயிடுச்சு, அதான் லீவு விட்டுட்டாங்கன்னு நெனச்சேம்மா" என்றாள். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. விட்டதைச் சேர்த்துக் கொடுக்காதீங்க, இன்னைக்கிலேர்ந்து எப்பவும்போல கொடுங்க என்றார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கின்றன. மருந்து நின்றதாலா, நோய் திரும்பியதாலா என்று பார்க்க இன்னொரு பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு முடிவு சொல்வார்கள்.

செயலியை நான் அழிக்கவில்லை. காய்ச்சல் வந்தால் குறிக்கவும் மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்கவும் அது வேண்டும். அதன் மேல் எனக்கென்ன பகை? ஆனால் இப்போது அவள் விழுங்கி, வாயைத் திறந்து காட்டி, டப்பாவை எண்ணிய பிறகுதான் அக்காவும் நானும் தொடுகிறோம். நீங்கள் அதில் கையே வைக்காதீர்கள்.

அப்பா ஏன் பேசவில்லை என்று தினமும் கேட்கிறாள். போன் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தப்பு செய்ததைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்வேன். ஒளிந்துகொண்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இங்கே நான் எங்கே போய் ஒளிவது?

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. வியாழனன்று வேலைக்கு லீவு சொல்லிவிடுங்கள். பத்து மணிக்குக் கூப்பிடுவேன். எடுங்கள். நான் ஒன்றுமே பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி