‘லேற்’ என்ற சொல்

1976 ஒக்டோபர் 26, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று முறிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் ஆங்கிலச் சொற்சோடிகள்: ‘ஹியர்’, ‘லிசின்’. தானாகக் காதில் விழுவது ஒன்று, காது கொடுத்துக் கேட்பது மற்றது. பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொண்டது. அடுத்து ‘லேற்’, ‘லேற்லி’. மணி அடித்துவிட்டது.

பி.ப. 4. வீட்டுக்காரி பிலோமினா என் அறை வாசலில், கையில் கப்பல் கொம்பனிக் கடிதம். புருசன் சூசை வெளிநாட்டுக் கப்பலில் போய் ஒன்றரை வருடம்.

“இங்கிலீசிலை கிடக்கு ரீச்சர். வாசிச்சுச் சொல்லுங்கோ.”

பள்ளிக்கூடப் பழக்கம்: முழுவதும் பார்க்காமல் உரத்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். “யுவர் லேற் ஹஸ்பண்ட்...”

“லேற்றோ? கப்பல் பிந்திப்போச்சோ?” முகமெல்லாம் சிரிப்பு. “நான் வேறை என்னவோ எண்டு பயந்திட்டன்.”

“ஓம்” என்றேன். “பிந்துமாம்.”

மீதியை மனதுக்குள் வாசித்தேன். கடலில் தவறி விழுந்தாராம். தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவருடைய உடுப்புப் பெட்டியை அனுப்புகிறார்கள். முன்னமே ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள். அது வந்து சேரவில்லை.

27, புதன்

வெயில். பிலோமினா கிணற்றடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். குருநகரில் இந்த ஒழுங்கை முழுவதும் தெரியும், சூசை பிந்தி வருகிறார் என்று.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வர, நண்டுக் கறியும் சோறும். “எங்களோடை இருந்து சாப்பிடுங்கோ ரீச்சர். அவர் வரேக்கை உங்களுக்கும் ஒரு சீலை கொண்டுவரச் சொல்லி எழுதுவம்.”

இரண்டு பெண்பிள்ளைகளும் இரு பக்கம். உடுப்பிட்டியில் அம்மா போனபின் யாரோடும் இப்படி இருந்து சாப்பிட்டதில்லை. ஏழு வருடம். கறி ருசியாக இருந்தது. அதுதான் வெட்கம்.

28, வியாழன்

வாங்க: மண்ணெண்ணெய், நீல மை, தலையிடிக் குளிசை.

எட்டாம் வகுப்பில் ஒருத்தி நினைவூட்டினாள்: “மிஸ், ‘லேற்’ சொல்லித் தரேல்லை.” கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிலோமினாவுக்கு ஏன் சொல்லவில்லை? அவள் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. இது ஒரு காரணம். இன்றும் எனக்கு ஒரு சோற்றுக் கோப்பை வைத்திருந்தாள். இது மற்றது.

29, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ‘லேற்’ என்றால் பிந்துவது மட்டுமல்ல, ஆள் பெயருக்கு முன்னால் வந்தால் காலமானவர் என்று அர்த்தம் என்றேன். வகுப்பில் சொல்வது போலவே வந்தது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அழவில்லை. கத்தியைக் கழுவி வைத்தாள்.

“அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“மூண்டு நாள் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான் ரீச்சர். சனமெல்லாம் பாத்தது.”

பிறகுதான் அழுகை, உள்ளறையில். நான் போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை?

நவம்பர் 2, செவ்வாய்

கல்லறைத் திருநாள். விடியவே ஒழுங்கை வெறுமை. எல்லோரும் மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போய்விட்டார்கள். அவளும். மூத்தவள் வந்து சொன்னாள்: “அப்பாவுக்குக் குழி இல்லைத்தானே. அம்மா பெரிய சிலுவையடியிலை கொளுத்தினவ.”

நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. சோறு மிஞ்சிப்போகிறது. ஒருத்திக்கு அளவாகப் போட ஏழு வருடமாகியும் எனக்கு வரவில்லை.

4, வியாழன்

பெருமழை. ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கறுப்புச் சீலையோடு வந்து வாசலில் நின்றாள்.

“கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதவேணும். எழுதுவியளோ?”

“ஓம். உள்ளை வாரும் பிலோமினா.”

வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள். “எந்த இடத்திலை விழுந்தவர் எண்டு கேளுங்கோ. கடைசியா ஆர் கண்டது எண்டு கேளுங்கோ.” எழுதினேன்.

நனைந்த சீலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

“அந்த நேரம் அவர் தனியவோ நிண்டவர் எண்டும் கேளுங்கோ.”

ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல். ‘அலோன்’ என்றால் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ‘லோன்லி’ என்பது மனதில் கிடப்பது. அவள் இரண்டையும்தான் கேட்கிறாள். கொம்பனியால் பதில் சொல்ல முடிந்தது முதலாவதற்குத்தான். அதை எழுதினேன்.

கையெழுத்து வைக்கக் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வைத்துவிட்டுப் போனாள்.