கிணற்றுக்குள் இறங்கிய மோட்டர்

டீச்சர்,

இன்று காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒருவர் சாக்கில் சுற்றிய மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தண்ணீருக்குள் இறக்கும் மோட்டர், நீளமாக, ஒல்லியாக. மூடியைக் கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீரோடு கருகிய செம்புக் கம்பியின் நெடி எழுந்தது. சேறும் எரிந்த வார்னிஷும் கலந்த அந்த வாசனை வேறு எந்த மோட்டரிலும் வராது.

“நானா, இது சரிவராதுன்னா சொல்லுங்க. மேல வைக்கிற மோட்டரே வாங்கிக்கிறோம். ரெண்டுல எதுங்க நல்லது?” என்று, ஊரே கூப்பிடுவதுபோல என்னை அண்ணன் முறை சொல்லி, அவர் கேட்டார்.

இதே கேள்வியை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் ஒரு வரட்சிக் காலம் முழுக்க வாதாடினோம். அவருடைய கிணற்றைப் பற்றி விசாரித்து, வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு வேலையில் கை ஓடவில்லை.

நீங்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்ததும் அந்த வரட்சியில்தான். பள்ளிக்கூடம் விட்டு, குடையும் கைப்பையுமாக வந்தீர்கள். கூடவே செல்வராணி. தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்ச் சங்கத் தலைவி, கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு மோட்டர், குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு. அந்த மோட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் மழை குறைந்ததும் கருகி வரும், நானும் கம்பி சுற்றிக் கொடுப்பேன்.

“வச்சிட்டுப் போங்க, சுத்தித் தர்றேன்” என்றேன்.

நீங்கள் போகவில்லை. “சுத்தித் தருவீங்க நானா. அது ஏன் எரியுதுன்னு யாராவது பாத்தீங்களா?” என்று கேட்டீர்கள்.

நான் கடைக்காரன். வருகிற மோட்டரைப் பார்ப்பதுதான் என் வேலை, அது வரும் கிணற்றை யார் பார்க்கச் சொன்னார்கள் என்று நினைத்தேன். ஆனால் செல்வராணி நிம்மதியில்லாமல் நின்ற நிற்பு என்னை அதைச் சொல்லவிடவில்லை. சங்கத்தில் பாதிப் பேர் விலகப் பார்க்கிறார்கள் என்றாள். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீரோ வருவதில்லை. இந்த வருடமும் மோட்டர் நின்றால் மீட்டரைக் கழற்றிவிட்டுப் பழையபடி கீழே மலைநீர் விழும் பீலியிலிருந்து குடத்தில் சுமக்க வேண்டியதுதான். “கொழுந்து பறிச்சு மலையில நின்ன காலோட மறுபடி அந்தப் படியில ஏறி எறங்கணும்ங்க” என்றாள்.

அடுத்த ஞாயிறு, கிணற்றைப் பார்க்கவென்று மாதா கோயில் பூசை முடிந்து நீங்கள் வந்தீர்கள். செல்வராணியோடு மூவருமாக மேல் லயத்துக்கு ஏறினோம். வழியில் நீங்கள் இரண்டு மூன்று இடங்களில் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். ஏற்றம் பழக்கமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய்க் கிணற்றுக்குள் கயிற்றில் கல் கட்டி இறக்கியபோது விஷயம் தெரிந்தது. மழைக்காலத்தில் மேலே நிற்கும் தண்ணீர் வரட்சியில் அடிக்குப் போய்விட்டது. மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டர் தண்ணீர் எட்டாமல் காற்றை இழுத்து இழுத்துச் சூடாகிச் செத்திருக்கிறது.

“மோட்டர்ப் பெட்டியில போட்டிருக்கிற ஆழத்தவிட இது பெரிசா கூடல்லயே, டீச்சர்” என்றேன்.

“அந்தப் பெட்டி கடலோரக் கொழும்புக்கு எழுதினது. மோட்டர் தண்ணிய இழுக்குறது இல்ல நானா. வெளிக்காத்துதான் தண்ணிய மேல தள்ளுது. இங்க காத்து லேசு. அங்க ஏறுற ஒயரம் இங்க ஏறாது.”

இத்தனை வருடம் மலையிலேயே வாழ்ந்து, மோட்டர்களோடேயே கிடந்தும் அப்படி ஒரு கோணத்தில் நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அப்படியானால் ஜெட் மோட்டர் போடலாம் என்றேன். மோட்டர் மேலேயே இருக்கும். இரண்டு குழாய் இறக்கி, ஒன்றில் தண்ணீரை அழுத்தி அனுப்பினால் அது அடித்தண்ணீரையும் சேர்த்து மற்றக் குழாயில் தள்ளிக்கொண்டு வரும். பழுதானால் கையெட்டும் தூரத்தில் இருக்கும். நீங்களோ மோட்டரையே தண்ணீருக்குள் இறக்கிவிடலாம் என்றீர்கள்.

அங்கேயே, கிணற்றடியில், சண்டை தொடங்கியது. தண்ணீருக்குள் இருக்கும் மோட்டர் தரத்தில் குறைந்தது என்றேன். அது பொய்யில்லை. குழாய்க்குள் போக வேண்டுமென்று ஒல்லியாகச் செய்கிறார்கள். அதன் வயிற்றில் கம்பிக்கும் இரும்புக்கும் இடம் போதாது. உள்ளே சுழலும் உருளை காற்றில் சுழலாமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு சுழல்கிறது. அவ்வளவு நீளக் கம்பியிலும் கரண்ட் வீணாகும். அதே பலமுள்ள மோட்டரை மேலே வைத்தால் அது குறைந்த கரண்டில் ஓடும்.

நீங்கள் மறுக்கவில்லை. “வினைத்திறன்ல உங்க மோட்டர்தான் ஒசத்தி. ஒத்துக்கிறேன். ஆனா செல்வராணிக்கு வேண்டியது சுத்துற மோட்டரா, வர்ற தண்ணியா? ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு தண்ணி மேல ஏறுதுன்னு பாப்போம்.”

செல்வராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிச்சா சாயத் தண்ணி ஊத்துறேன்” என்றாள். அன்று நாம் முடிக்கவில்லை. பால் இல்லாத அந்தத் தேநீரை மட்டும் குடித்தோம்.

நுவரெலியாப் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சானிடம் ஒரு நீர்மூழ்கி மோட்டரை இரவல் வாங்கினேன். ஜெட் மோட்டர் கடையிலேயே இருந்தது. மறு ஞாயிறு இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனேன். நீங்கள் வரவில்லை. கொழும்புக்குக் கிளினிக் போயிருக்கிறீர்கள் என்று செல்வராணி சொன்னாள். என்ன கிளினிக் என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். நான் மோட்டரை இறக்காமல் அப்படியே கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலையைத் தள்ளிப்போட்டோம். நீங்கள் திரும்பி வந்து, முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஏறிவந்த பிறகுதான் தொடங்கினோம். பாவம் பார்த்துத் தோற்றுப்போகலாமா என்று ஒரு யோசனை எனக்கு இருந்தது. அது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ. “விட்டுக்குடுக்குறதா இருந்தா நான் இப்பவே எறங்கிப் போயிருவேன்” என்றீர்கள்.

முதலில் ஜெட். மோட்டர் என்னமோ சீராகத்தான் ஓடியது, சத்தம்கூட இல்லை. ஆனால் மேலே வரும் தண்ணீரில் பெரும்பங்கைத் திரும்பக் கீழே அனுப்பவேண்டியிருந்தது. தொட்டி நிரம்புவதற்குள் மீட்டரில் ஓடும் சக்கரத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு உங்கள் மோட்டர். அது இருக்கிற இடமே தெரியவில்லை. இழுக்கிற வேலை அதற்கு இல்லை, தள்ளுகிற வேலை மட்டும்தான். சுற்றியிருக்கும் தண்ணீரே அதைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. அதே தொட்டி நிரம்பியபோது சக்கரம் பாதிக்கும் குறைவாகவே ஓடியிருந்தது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கீழ் லயத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். எங்களுக்கும் இதையே வாங்கிப் போடுவோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். நீங்கள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “கீழ உங்க ஊத்துலயும் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுவோம்” என்றீர்கள்.

கீழே ஊற்றுக்குழியில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே சாதாரண மேல் மோட்டரையும் நீர்மூழ்கியையும் ஓடவிட்டோம். இம்முறை என் மோட்டர் ஜெயித்தது. இழுக்கும் தூரம் அதிகமில்லாத இடத்தில், நான் சொன்ன குறைகள் எல்லாம் உங்கள் மோட்டரில் அப்படியே வெளிவந்தன. என் முகத்தைவிட உங்கள் முகம்தான் அப்போது மலர்ந்திருந்தது.

“பாத்தீங்களா நானா, இங்க நீங்க சொன்னதுதான் சரி” என்றீர்கள். தோற்றுவிட்டு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

மேல் லயத்துக்குப் புது மோட்டரை இறக்கிய நாளன்று நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தோம். வந்தீர்கள். பிள்ளை பராமரிப்பு நிலையத்திலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையிலிருந்து விட்டேன். குழாயில் ஒரு மூட்டு கழன்றால் மோட்டர் கிணற்றோடு போய்விடும். ஒன்றும் ஆகவில்லை. முதலில் செம்மண் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. மேல் லயத்து வாசலில் செல்வராணி குழாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். “நெசமாத்தான் வருது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீங்கள் இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டு, பல் கூசுகிறது என்று சிரித்தீர்கள்.

கடைசியாக உங்களைப் பார்த்தது ஹட்டனில், உங்கள் தங்கை வீட்டில். மழை பெய்துகொண்டிருந்தது. பேசவே களைப்பாக இருந்தும் மோட்டரைத்தான் விசாரித்தீர்கள். இரண்டு லயத்திலும் நன்றாக ஓடுகிறது, பில்லும் இறங்கிவிட்டது, விலகியவர்கள் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன்.

“எல்லாத்துக்கும் நல்ல மோட்டர்னு ஒண்ணு இல்ல நானா. எங்க வைக்கிறோம்னு பாக்கணும்” என்றீர்கள். பிறகு, “பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அப்பிடித்தான் பாத்திருக்கணும். சிலத இப்பதான் யோசிக்கிறேன்” என்றீர்கள்.

மாதா கோயிலில் உங்களைப் பெட்டியில் வைத்திருந்தபோது கடைசி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு லயத்துப் பெண்களும் ஒன்றாக நின்றார்கள். அன்றைய பேர், நாள் சம்பளம், போகிறதென்றும் பார்க்காமல், கொழுந்து மலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள்.

இப்போது என்னைத் தோட்டந்தோட்டமாகக் கூப்பிடுகிறார்கள், டீச்சர். கடையில் உட்கார்ந்தபடி மோட்டர் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டேன். கயிறும் கல்லும் எடுத்துக்கொண்டு முதலில் கிணற்றடிக்குப் போகிறேன். செல்வராணியும் முடிந்தபோது கூட வருகிறாள். பெண்களிடம் அவள் பேசினால்தான் எடுபடுகிறது. அவள் லயத்துக் கதையை அவள் சொல்லக் கேட்டால் மீட்டர்ச் சக்கரம் கண்ணுக்கு முன்னால் சுற்றும்.

போன வாரம் ராகலைக்குப் போனோம். அங்கே ஒரு தோட்டத்துச் சங்கத்தார் எங்களைப் போலவே நீர்மூழ்கி மோட்டர்தான் வேண்டும் என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள். கிணறு ஆழம் என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். செல்வராணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“கெணறு ஆழந்தாங்க. தண்ணி எங்க நிக்குதுன்னு யாரும் சொல்லலயே. பக்கத்துலயே ஒரு ஓடை ஓடுது. எனக்கென்னமோ தண்ணி மேலயே நிக்கும்னு தோணுது” என்றாள்.

“இந்த வெயில்ல நிக்காது. கட்டாயம் எறங்கியிருக்கும்” என்றேன்.

“அப்ப வாங்க, பாத்துருவோம்.”

எல்லோரும் போனோம். கயிற்றை நான்தான் இறக்கினேன். கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. செல்வராணி என் முகத்தைப் பார்த்தாள். சங்கத்து ஆட்களிடம் திரும்பி, “இந்தக் கெணத்துக்கு மேல வைக்கிற மோட்டரே போதும். செல்வராணி சொன்னதுதான் சரி” என்றேன்.

சொல்லி முடித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, டீச்சர்.