வலைநூல் கட்டிய வெங்காயம்

கற்பிட்டி
ஓகஸ்ட் 1993

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அனுப்பிய வெங்காயப் பிடி கிடைத்தது. ‘கொழும்பில் கிடைக்காதது இல்லை. சண்டையில் பாதை பூட்டியும் யாழ்ப்பாணத்து வெங்காயம் புறக்கோட்டைச் சந்தைக்கு வந்துவிட்டது. அந்தக் காரம் வேறெந்த மண்ணுக்கும் வராது. அகதி முகாமை விட்டுப் பிள்ளைகளோடு இங்கே வா’ என்று எழுதியிருந்தீர்கள்.

பொதியைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதைக் கொண்டுவந்த லொறிக்கார ஜவாஹிர் நானாவும் எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது நீங்க கட்டின புடிதானே?”

“ஓம் நானா. போன கிழமை கொழும்புக்கு உங்கட லொறியிலதான் ஏத்தினேன்.”

யாழ்ப்பாணத்தில் பிடியைப் பனையோலை நாரால் கட்டுவார்கள். இது இங்கே கண்டக்குழிக் கரையில் நான் பொறுக்கிய நீல வலைநூல். முடிச்சும் என்னுடையது. ‘மணலில் என்ன விளையும்?’ என்று நீங்கள் கேட்ட அதே குத்தகை நிலத்தில்தான் இது விளைந்தது.

யாழ்ப்பாணம் விளைவிக்கும், கொழும்பு தின்னும் என்றுதானே இருந்தது? இப்போது இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வெளியேறியவளின் வெங்காயத்தை, யாழ்ப்பாணத்து நாக்குள்ள நீங்களே நம்பி வாங்கியிருக்கிறீர்கள்!

கொழும்புக்கு நான் வரவில்லை. அடுத்த நடுகைக்கு நீங்கள் வாருங்கள்.

உரிக்கும்போது கண் கலங்கி, ஊருக்கே போய்விட்டது போலிருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் போன ஊர் கற்பிட்டி, மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டக்காரி