இரண்டாவது பூட்டு

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்ற உன் அண்ணன் பத்து நாளாக வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். துப்பாக்கியையும் போலீஸ் நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வந்த கடிதத்தில் ஒரே வரி: ‘பொதுப் பாதுகாப்பு கருதி மறுக்கப்படுகிறது.’ காரணம் கேட்டால், “பெரியவங்க முடிவு, போயிட்டு வாங்க” என்கிறார் எழுத்தர். துப்பாக்கி இல்லாத காவலாளியை மாதக் கடைசிக்குமேல் வைத்திருக்க முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருட வேலை. அதிகாரியின் காலில் விழுந்து பார்க்கலாமா? வக்கீலம்மாவிடம் தட்டச்சு செய்கிறவள் நீ, சொல்.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

யார் காலிலும் விழாதே, உனக்கு முட்டி வலி வேறு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நீ சொல்வதையும் கேட்க வேண்டும். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், மனுவை இத்துடன் அடித்து அனுப்பியிருக்கிறேன். வழக்கு முடியும்வரை பொறுக்கச் சொல்லி வக்கீலம்மா உன் மேலாளருக்கும் எழுதியிருக்கிறார்.

மனுவோடு உன் கோப்பின் நகலையும் கேள். ஒரு பக்கம் விடாமல் கேள். இந்த வரியை இரண்டு முறை அடித்துக் கிழித்துப் போட்டேன், அண்ணா. ஆனால் அது இல்லாமல் நீ ஜெயிக்க முடியாது. நகல் வந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

உன் தங்கை

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. கோப்பின் ஏழாம் பக்கத்தில் இருக்கும் கடிதத்தைப் பார்த்துவிட்டாய் என்று புரிகிறது.

ஆமாம், எழுதியது நான்தான். அண்ணி இறந்த பிறகு சுத்தம் செய்த துப்பாக்கியையே மறுபடி மறுபடி துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாய். பயந்துபோய், அதை வாங்கி வைக்கச் சொல்லிப் போலீஸ் நிலையத்துக்கு எழுதினேன். அப்போது சோதனை என்று சொல்லி அவர்கள் ஒரு மாதம் துப்பாக்கியை வாங்கி வைத்தது உண்மையில் அதனால்தான். அந்தக் காகிதம் இரண்டு வருடம் கழித்து உன் வேலையைத் தின்னும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் மறைத்தது தப்பு. எழுதியது தப்பில்லை, இன்றைக்கும் எழுதுவேன். விசாரணையில் அது பொய் என்று சொல்லிவிடு. நான் மறுக்க மாட்டேன்.

தங்கை

மே 2

அன்புள்ள வாயாடிக்கு,

முதல் வாரம் உன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு உன் மார்ச் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தன் குட்டு வெளிப்படும் என்று தெரிந்தே அண்ணனுக்கு வழி சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்காது.

மேல்முறையீட்டு அதிகாரி, நீ நிலையத்துக்கு எழுதிய கடிதத்தை நீட்டி, “இது பொய்யா?” என்றார். “இல்லீங்க, அன்னைக்கு அது நிஜம். என் தங்கச்சி அதை எழுதலைன்னா நான் இங்க வந்து நின்னிருக்க மாட்டேன். இப்ப எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கலை, நீங்க கேளுங்க” என்றேன். டாக்டர் சான்றிதழையும் கொடுத்தேன். அவர் தன் ஆட்களைப் பார்த்து, “ரெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட விசாரிக்கலையா?” என்றார். மறுப்பு ரத்து. திங்கள்கிழமையிலிருந்து மறுபடி வாசலில் நிற்கிறேன். மேலாளர் டீ வாங்கிக் கொடுத்தார், தாங்க முடியாத சர்க்கரை.

துப்பாக்கிப் பெட்டியில் இரண்டு வளையம் இருக்கிறது, இதுவரை ஒரு பூட்டுதான் போட்டிருந்தேன். இந்தப் பொட்டலத்தில் இன்னொரு பூட்டு இருக்கிறது. அதற்கு ஒரே சாவி, அதுவும் உள்ளேயே இருக்கிறது. உரிமம் இல்லாத நீ துப்பாக்கியைத் தொடக் கூடாது, ஆனால் பூட்டலாம், அதையும் வக்கீலம்மாவிடம் கேட்டுவிட்டேன். என் முகம் சரியில்லை என்று உனக்குத் தோன்றினால் வந்து பூட்டிவிட்டுச் சாவியோடு ஊருக்குப் போ. மனு எழுத வேண்டாம், என்னிடம் காரணமும் சொல்ல வேண்டாம்.

பூட்டுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், பையில் துணி இருந்தால் கறை படாமல் பார்த்து வை.

உன் அண்ணன்