ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு ஜோடி சாக்ஸ்

மந்தாரக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை செங்குட்டுவன் அவர்களுக்கு,

மாமா தனகோடி எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் தெரியவில்லை. உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. திருவதிகையில் உங்கள் அம்மாவிடமும் நீங்கள் பேசவில்லையாம். ஓசூர் விலாசத்தை உங்கள் சிநேகிதர் பாலகுமாரிடம் வாங்கினேன். அவரைக் கோபிக்காதீர்கள். ஆளைப் பேசி மடக்குவது எனக்குத் தொழில், பாவம் அவர் என்ன செய்வார்.

மழை பிடித்துக்கொண்டது. சுரங்கத்துக்குப் போகும் கான்ட்ராக்ட் ஆட்கள் பூட்ஸும் மழைக்கோட்டும் கேட்டு வருகிறார்கள். கடை ஓடுகிறது. நந்தினி கல்லாவில் உட்காருகிறாள். வருகிறவர்களிடம் என்ன சைஸ் என்று மட்டும் கேட்கிறாள், வேறு பேச்சில்லை. மாடி அறையை அவளேதான் பெருக்குகிறாள். உங்கள் மேசையை யாரும் தொடவில்லை.

சென்னையில் உங்கள் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, வேறு வேலை கிடைக்கும் வரை இங்கே வந்து இருங்கள் என்று அழைத்தவன் நான்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று கடைத்தெருவில் ஒருவன் சொன்னான். அவனை அப்புறம் நான் கடைப் படி ஏறவிடவில்லை. ஆனால் உங்கள் காதில் அது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மாடியை விட்டு இறங்காமல் படிக்க ஆரம்பித்தீர்கள்.

ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது, அதற்குள் செருகுகிற சின்னப் பொருளுக்குப் பிளக்-இன் என்று பெயர், அதைச் செய்யக் கற்கிறேன் என்றீர்கள். நான் பூட்ஸ் விற்கிறவன். இருந்தாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சோதிப்பதற்கு அந்த மென்பொருளே தன்னைப்போல் இன்னொன்றைத் திறக்கும். உங்கள் பட்டன் அதில் வந்திருக்கிறதா என்று தேடுவீர்கள். வந்திருக்காது. தப்புன்னு திட்டுனா திருத்தலாம் மாமா, இது வாயே தொறக்க மாட்டேங்குது என்றீர்கள் ஒரு நாள். கூடவே வைக்கிற அறிமுகச் சீட்டில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் பெரியது சின்னதைச் சேர்த்துக்கொள்ளாதாம். மாதக்கணக்கில் மல்லுக்கட்டினீர்கள்.

கடைசியில் வந்தது. எழுதி வைத்ததில் ஒரு வரியை எடுத்தால் வேறு எங்கெல்லாம் இடியும் என்று முன்கூட்டியே காட்டுகிற பிளக்-இன். அதை இணையச் சந்தையில் உங்கள் பெயரில் ஏற்றினீர்கள். நீங்கள் வேலை கேட்டிருந்த கோயம்புத்தூர் கம்பெனியில் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் இருக்கட்டும், நாலு பேர் பயன்படுத்தட்டும், பிறகு வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். அப்புறம் எந்த நாட்டுக்காரரோ ஒருவர், உங்கள் பொருளால் என் வேலை தப்பியது என்று எழுதினார். அதைக் காட்ட நீங்களாகப் படியிறங்கிக் கடைக்கு வந்தீர்கள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அங்கேதான் என் வியாபாரப் புத்தி வேலை செய்தது. ஒரே ஒரு வாடிக்கைக்காரரை நம்பிக் கடை நடத்த முடியுமா? கூட்டம் நிற்கிற கடைக்குத்தான் கூட்டம் வரும். சைக்கிளில் டீ விற்ற காலத்திலிருந்து நான் கண்டது அது. ஷிப்ட் விட்டு வந்தவர்களை நிறுத்தி, எங்க மாப்ள சரக்குக்கு அஞ்சு ஸ்டார் போடுங்கப்பா, ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் என்றேன். கடை வைஃபையிலேயே வரிசையாக நின்று போட்டார்கள். கம்மாபுரம் பாவாடை, எந்தச் சரக்குண்ணே, போன மாசம் நான் வாங்கிகினு போனனே, அதுவா என்று கேட்டான். கூட்டத்தில் நான், எதையாவது போட்டுட்டு நகருடா என்றேன். அவன், சைஸ் சரியா இருக்கு, காலைக் கடிக்கல என்று எழுதிவிட்டு சாக்ஸை வாங்கிக்கொண்டு போனான்.

ஒரே இடத்திலிருந்து வந்த பொய் ஸ்டார் என்று கண்டுபிடித்து, அந்த வாரமே இணையச் சந்தைக்காரர்கள் உங்கள் பொருளை எடுத்துவிட்டு, உங்கள் கணக்கையும் மூடினார்கள். அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியதும் அதோடு போயிற்று. நீங்கள் எத்தனை மடல் போட்டும் அச்சடித்தாற்போல ஒரே பதில். கோயம்புத்தூரிலும் கைவிரித்தார்கள்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னுதுன்னு இருந்தது அது ஒண்ணுதான் மாமா என்று மட்டும் சொன்னீர்கள். நீங்கள் பையை எடுத்ததும் நந்தினியும் கிளம்பினாள். நீ உங்கப்பா வூட்லயே இரு என்றீர்கள். அதற்கு மேல் அவள் வாசலைத் தாண்டவில்லை.

போன வாரம் நானே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். உங்களை வேலைக்கு எடுப்பதாக இருந்த அதிகாரி ஒரு பெண். ஸ்டார் போட வைத்தது நான், அவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். நீங்க சொல்றதை நம்புறேன் ஐயா, ஆனா அந்தப் பேரை வச்சு எங்க மேலிடத்துல நான் பேச முடியாது என்றார். அப்படின்னா வேற பேர்ல ஏத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில்தான் நான் இன்னும் திருந்தவில்லை என்பது எனக்கே உறைத்தது.

திரும்பி வந்து நந்தினியிடம் சொன்னேன். அங்கயும் போயிட்டியாப்பா என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அதனால், மாப்பிள்ளை, வேலைக்கு வழி சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் வழி இல்லை. பார்சல் கோடவுனில் மூட்டை பிரிக்கிறீர்கள் என்று பாலகுமார் சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த வீட்டுக்கு நீங்கள் திரும்ப வேண்டாம். அங்கேயே ஒற்றை அறையானாலும் பிடித்து, நந்தினியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஏற்றிவிடக்கூட நான் வர மாட்டேன். பாத்திரம் பண்டம் கொடுத்தனுப்ப மாட்டேன். அறை எப்படி, வேலை எப்படி என்று விசாரிக்க மாட்டேன். நீங்களாக வா என்று சொல்லும் வரை ஓசூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். பேரப்பிள்ளை பிறந்தாலும் அப்படித்தான்.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்கு ஒரு போன் போடுங்கள், போதும். நீங்கள் போன நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மழையில் நனையாமல் வேலைக்குப் போங்கள். எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் ஒன்றாக, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நந்தினியின் அப்பா,
தனகோடி